மாநகராட்சியும் தனியாரும் கூட்டுச் சேர்ந்தால்: நெல்லைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பஸ் ஸ்டாண்டில் வண்டியை விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறோம். கட்டணக் கழிப்பிடத்தில் சில்லறை கொடுக்கிறோம். காலையில் குப்பை வண்டி வருகிறது, ராத்திரி தெருவிளக்கு எரிகிறது. இவற்றில் பலவற்றுக்குப் பின்னால் மாநகராட்சிக்கும் ஒரு தனியாருக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது டோக்கன் வாங்குகிற நமக்குத் தெரிவதே இல்லை.

இந்த வழிகாட்டி வார்டு கவுன்சிலர்களுக்கும், வியாபாரிகள் சங்கத்துக்கும், குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும், தெருவில் நடப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நினைக்கிற யாருக்கும் எழுதியது. நான் சொல்ல வருவது ஒரே விஷயம். திறப்பு விழா வரை நடப்பது இந்தக் கூட்டில் சின்னப் பகுதி. அதற்கு அப்புறம் வரும் பத்து, பதினைந்து, இருபத்தைந்து வருஷம்தான் உண்மையான கூட்டு. ஒப்பந்தத்தைப் படிக்கும்போது கண் அந்த வருஷங்கள் மேல் இருக்க வேண்டும்.

இப்போது இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015 ஜூன் 25 அன்று தொடங்கியது. 2017 ஜூனில் தூத்துக்குடி, திருச்சி, திருப்பூரோடு சேர்ந்து திருநெல்வேலியும் பட்டியலுக்குள் வந்தது. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி ரூபாய் வரை தரும், அதே அளவு மாநில அரசும் மாநகராட்சியும் போட வேண்டும் என்பது ஏற்பாடு. திட்டத்தை நடத்தத் தனியாக ஒரு கம்பெனி உருவானது. அதில் மாநில அரசுக்கும் மாநகராட்சிக்கும் பாதிப் பாதிப் பங்கு. 2025 மார்ச்சோடு அந்தத் திட்டம் முடிந்தது. கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றுக்குக் கரண்டு பில் கட்டவும், லிஃப்ட் பழுது பார்க்கவும், கழிப்பிடம் கழுவவும் தனியாக மானியம் வரப்போவதில்லை. ஆகவே தனியாரிடம் விடுவது பற்றிய பேச்சு இனிமேல்தான் கூடும்.

படி 1: இது எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

தனியார் பெயர் பலகையில் இருந்தாலே பி.பி.பி., அதாவது பொது-தனியார் கூட்டு, என்று சொல்லிவிடுகிறோம். நாலு வகை இருக்கிறது, நாலுக்கும் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

முதலாவது நன்கொடை. ஜங்ஷனையும் பாளையங்கோட்டையையும் இணைக்கிற தாமிரபரணிப் பாலத்தை 1843-ல் திறந்தார்கள். கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்ட வைத்த பாலம் அது. இன்றைக்கு அந்த மாதிரி நன்கொடைக்குப் பதிலாக வருவது சி.எஸ்.ஆர். நிதி, அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் பணம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவுசெலவோ சொத்து மதிப்போ உள்ள கம்பெனிகள் மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பொதுமக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் 'நமக்கு நாமே' திட்டமும் இந்த வகைக்குப் பக்கத்தில் வரும். இங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: கட்டிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு பராமரிப்பு யார்?

இரண்டாவது வேலைக் காண்ட்ராக்ட். அரசுப் பணத்தில் காண்ட்ராக்டர் கட்டித் தருவார், பில் வாங்குவார், போய்விடுவார். ஸ்மார்ட் சிட்டியில் நாம் பார்த்த பெரும்பாலான கட்டடங்கள் இந்த வகை. ஜங்ஷன் பெரியார் பஸ் ஸ்டாண்டு பல வருஷம் பஸ் வராமல் மூடிக் கிடந்த அனுபவம் நமக்கு இருக்கிறது. வேலை தாமதமானால் கட்டுகிறவருக்கு ஏற்படுகிற நஷ்டத்தைவிட ஊருக்கு ஏற்படுகிற நஷ்டம் பல மடங்கு என்பதுதான் இந்த வகையின் பலவீனம்.

மூன்றாவது ஏலக் குத்தகை. டூ வீலர் ஸ்டாண்டு, கழிப்பிடம், மார்க்கெட் சுங்க வசூல் எல்லாம் இதில் அடக்கம். நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற பழைய கூட்டு இதுதான். இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குவது தப்பு. படி 3-ல் இதற்குத் தனியாகக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

நாலாவதுதான் முழு அர்த்தத்தில் பொது-தனியார் கூட்டு. தனியார் தன் பணத்தையும் போட்டுக் கட்டி, பல வருஷம் நடத்தி, மக்களிடமிருந்தோ மாநகராட்சியிடமிருந்தோ அந்தப் பணத்தைத் திரும்ப எடுத்து, கடைசியில் சொத்தை ஒப்படைப்பார். மீதி வழிகாட்டி பெரும்பாலும் இதைப் பற்றி.

எந்த வகையானாலும் ஒன்றை மறக்க வேண்டாம். குடிநீர், குப்பை, சாலை, தெருவிளக்கு எல்லாம் அரசியல் சாசனத்தின் 12-ஆம் அட்டவணையில் நகர உள்ளாட்சிக்கு என்று வைத்த பணிகள். வேலையைத் தனியாரிடம் கொடுக்கலாம். பொறுப்பு மாநகராட்சியிடமேதான் இருக்கும். "அது கம்பெனி பாடு, நீங்க அங்கே போய்க் கேளுங்க" என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் இடமில்லை.

படி 2: தேவையை நாமே எழுதிவைப்பது

திட்ட அறிக்கையை வெளியூர் ஆலோசனை நிறுவனம் எழுதி வந்த பிறகு கருத்துச் சொல்லப் போனால் காலம் கடந்துவிடும். அதற்கு முன்பே ஏரியா சபையில், வார்டு கமிட்டியில் தேவையை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். "மார்க்கெட்டை நவீனப்படுத்த வேண்டும்" என்று எழுதினால் யாருக்கும் பிரயோஜனமில்லை. எத்தனை கடை, எத்தனை தரைக்கடை, காய்கறி லாரி எத்தனை மணிக்கு வருகிறது, மழைத் தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது, கழிவு எங்கே கொட்டப்படுகிறது என்று எண்ணி எழுத வேண்டும். பிற்பாடு கூட்டு ஒழுங்காக நடக்கிறதா என்று ஒப்பிடவும் இந்த எண்களே ஆதாரம்.

சென்னையை ஒட்டியிருந்த ஆலந்தூர் நகராட்சியின் பாதாளச் சாக்கடைத் திட்டத்தை இதற்கு நல்ல முன்மாதிரியாக நினைக்கிறேன். 2000 வாக்கில் வேலை தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட் மக்களே கட்டினார்கள். தெருத் தெருவாகக் கூட்டம் போட்டு, குடியிருப்போர் சங்கங்களிடம் கணக்கை விளக்கிய பிறகுதான் அந்தப் பணம் வந்தது. குழாய் பதிப்பது ஒரு காண்ட்ராக்ட், சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டி நடத்துவது தனியார் கூட்டு என்று வேலையைப் பிரித்தார்கள். மக்கள் முதலிலேயே உள்ளே வந்ததால் கட்டணம் பற்றிய சண்டை பாதி அங்கேயே தீர்ந்தது.

படி 3: கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்

டவுன் ரத வீதிகளுக்குப் பக்கத்தில் 300 டூ வீலர் நிற்கிற ஒரு ஸ்டாண்டை மாநகராட்சி ஏலம் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இது உதாரணம்தான், எண்களை உங்கள் இடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் ஒரு நாளைக்கு இரண்டு வண்டி மாறுகிறது, டோக்கன் 10 ரூபாய். அப்படியானால் நாளைக்கு 6,000 ரூபாய், வருஷத்துக்கு 21,90,000 ரூபாய். ஷிஃப்டுக்கு இரண்டு பேராக மூன்று ஷிஃப்டுக்கு ஆறு ஆட்கள், தலைக்கு மாதம் 15,000 சம்பளம் என்றால் வருஷம் 10,80,000. விளக்கு, டோக்கன் மெஷின், கூரை ரிப்பேர் என்று 2,40,000. மொத்தச் செலவு 13,20,000. மிச்சம் 8,70,000. வரி, லாபம், மாநகராட்சிக்குக் கட்டும் குத்தகை எல்லாம் இதற்குள்தான் அடங்க வேண்டும்.

ஏலத்தில் போட்டி சூடாகி ஒருவர் 15 லட்சத்துக்கு எடுக்கிறார். மன்றக் கூட்டத்தில் "வருமானம் கூடிவிட்டது" என்று மேஜையைத் தட்டுவார்கள். ஆனால் அவர் கையிலிருந்து போடாமல் தப்பிக்கவே 28,20,000 வசூலாக வேண்டும். அதாவது 10 ரூபாய் டோக்கனுக்குக் குறைந்தது 13 ரூபாய். நடைமுறையில் அது 15 ஆகும். இல்லாவிட்டால் ஆறு ஆள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று ஆள், அவர்களுக்கும் அரைச் சம்பளம். ஏலத்தொகை எகிறியபோதே கூடுதல் வசூலுக்கு விதை போட்டாகிவிட்டது. வண்டியை எடுக்கிற அவசரத்தில் நாம் சண்டை போட மாட்டோம் என்பதும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

ஆகவே எந்த ஏல அறிவிப்பு வந்தாலும் இதே மாதிரி ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். மாநகராட்சிக்கு எவ்வளவு அதிகம் தருவார் என்று மட்டும் பார்த்து விடுவதைவிட, கட்டணத்தையும் ஆள் எண்ணிக்கையையும் முன்கூட்டியே கட்டிப்போட்டு, மெஷின் டோக்கனைக் கட்டாயமாக்கி, வசூலில் பங்கு கேட்பது ஊருக்கு நல்லது. மாநகராட்சி வருமானம் கொஞ்சம் குறையலாம். அந்தக் குறைவு நம் பாக்கெட்டில்தான் மிச்சமாகிறது.

படி 4: நஷ்டம் வந்தால் யார் தலையில்?

ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டிய பக்கம் இதுதான். நிலம் கிடைக்கத் தாமதமானால், டீசல் விலை ஏறினால், எதிர்பார்த்த அளவு ஆட்கள் வராவிட்டால், வெள்ளம் வந்தால், சட்டம் மாறினால் யார் தாங்குவது? யார் கையில் ஒரு விஷயத்தைக் கட்டுப்படுத்தும் வசதி இருக்கிறதோ அவர் அந்த நஷ்டத்தைத் தாங்க வேண்டும் என்பது பொது விதி. நிலத்தை மீட்டுத் தருவது மாநகராட்சி வேலை, அந்தத் தாமதம் மாநகராட்சியுடையது. கட்டுமானம் இழுத்தால் அது கம்பெனியுடையது. தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் இருவருமே காரணமில்லை, அதற்குக் காப்பீடு. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் நம்முடையது, ஆற்றங்கரையில் எந்தக் கூட்டுத் திட்டம் வந்தாலும் இந்தப் பத்தியை விரல் வைத்துப் படிக்க வேண்டும்.

தேவை பற்றிய மதிப்பீடு தப்பினால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூர் சொல்லும். பவானி ஆற்றிலிருந்து நாளைக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீர் கொண்டுவர 30 வருஷக் கூட்டு அது. குடிநீர் விநியோகத்தில் இந்தியாவின் முதல் பெரிய தனியார் கூட்டுகளில் ஒன்று. சாயப்பட்டறைகள் நல்ல விலை கொடுத்து வாங்கும், அந்தப் பணத்தில் வீடுகளுக்கும் கிராமங்களுக்கும் குறைந்த விலையில் கொடுக்கலாம் என்பது கணக்கு. பட்டறைகள் எதிர்பார்த்த அளவு வாங்கவில்லை. 2011 ஜனவரியில் கழிவுநீர்ப் பிரச்சினைக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. தண்ணீர் இருந்தது, குழாய் இருந்தது, வாங்குகிற ஆள் குறைந்துபோனார். பெரிய வாடிக்கையாளர் ஒரே தொழிலாக இருந்தால், அந்தத் தொழில் படுத்தால் கூட்டும் சேர்ந்து படுக்கும்.

கோயம்புத்தூரில் 24 மணி நேரக் குடிநீருக்காக 2018-ல் 26 வருஷ ஒப்பந்தம் போட்டபோது எழுந்த முதல் கேள்வி, கட்டணத்தை யார் நிர்ணயிப்பார்கள் என்பது. அதையே நாமும் கேட்க வேண்டும். கட்டணத்தை ஏற்றும் அதிகாரம் மன்றத்திடம் இருக்கிறதா, அல்லது வருஷத்துக்கு இத்தனை சதவீதம் தானாக ஏறும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறதா? தானாக ஏறும் என்றால், மன்றம் ஏற்ற மறுக்கும் வருஷத்தில் அந்த வித்தியாசத்தை மாநகராட்சி கட்ட வேண்டும் என்று இன்னொரு வரி எங்காவது இருக்கும். தேடினால் கிடைக்கும்.

படி 5: எதை அளந்து பணம் கொடுக்கிறார்கள்?

கல்யாண வீட்டில் சமையலை இலைக் கணக்கில் விட்டால் சமையல்காரர் இலையை எண்ணுவார், மொத்தமாக விட்டால் சாமான் செலவைக் குறைப்பார். குப்பையிலும் இதேதான். டன் கணக்கில் பணம் என்றால் குப்பை கூடக் கூட வண்டிக்கு லாபம். வீட்டிலேயே தரம் பிரிக்கச் சொல்லவோ, மக்கும் குப்பையைத் தெருவிலேயே உரமாக்கவோ அவருக்கு என்ன அக்கறை? ராமையன்பட்டி உரக்கிடங்குக்குப் போகும் சுமை குறைய வேண்டும் என்பது நம் ஆசை, கூடினால்தான் அவருக்குப் பணம். இரண்டும் எதிரெதிர்த் திசை.

அதனால்தான் சென்னையில் பிற்பாடு வந்த குப்பை ஒப்பந்தங்களில் எடையை விட்டுவிட்டு வேலைத் தரக் குறியீடுகளுக்கு மாறினார்கள்: எத்தனை வீட்டில் தினமும் வாங்கினார்கள், எவ்வளவு தரம் பிரித்தது, தொட்டி நிரம்பி வழிந்ததா, புகார் எத்தனை மணி நேரத்தில் தீர்ந்தது. இது நல்ல முறை. ஆனால் அந்த எண்ணை யார் எடுக்கிறார் என்று பாருங்கள். கம்பெனியே எடுத்துக் கம்பெனியே கொடுத்தால் எல்லா மாதமும் நல்ல மார்க்குதான் வரும்.

சாக்கடைச் சுத்திகரிப்புக்குக் கங்கைத் திட்டத்தில் வந்த ஒரு முறையை நெல்லையும் கவனிக்கலாம். கட்டும்போது செலவில் 40 சதவீதத்தை அரசு கொடுக்கும். மீதி 60 சதவீதம் 15 வருஷத்தில் தவணையாக வரும், நிலையம் ஓடி, வெளியேறும் தண்ணீர் தரத்தில் இருந்தால் மட்டும். கட்டி முடித்தவுடன் பில்லை வாங்கிக்கொண்டு கிளம்ப வழியே இல்லை. சாக்கடை கலப்பது பற்றி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்குப் போன தாமிரபரணிக்கு, கட்டடத்தைவிட இந்த 15 வருஷக் கட்டுப்பாடுதான் தேவை.

என்னைக் கேட்டால், நம் பகுதிக்கு மிகவும் பொருந்துகிற கூட்டு சுத்திகரித்த கழிவுநீரைத் தொழிற்சாலைக்கு விற்பது. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள குளிர்பான ஆலைகளுக்கு ஆற்று நீர் கொடுப்பதை எதிர்த்து 2016-ல் வழக்கும் போராட்டமும் நடந்ததை ஊர் மறக்கவில்லை. சென்னையில் 2019 முதல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்து ஆலைகளுக்குக் கொடுக்கும் நிலையங்கள் வந்தன. குடிக்கும் பொருள் செய்யும் ஆலைக்கு இந்தத் தண்ணீர் ஆகாது. குளிரூட்டவும் கழுவவும் தண்ணீர் தேவைப்படும் மற்ற ஆலைகளுக்கு ஆகும். அவர்கள் ஆற்று நீருக்குப் பதில் இதை எடுத்தால், அந்த அளவு ஆற்று நீர் வாய்க்காலுக்கு மிஞ்சும். வாங்குகிறவர் ஒரே தொழிலாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், திருப்பூர் பாடம் அங்கே உதவும்.

கட்டணத்தால் மட்டும் செலவு கட்டாத திட்டத்துக்கு மத்திய அரசின் இடைவெளி நிதி உண்டு. குடிநீர், கழிவுநீர், குப்பை போன்றவற்றில் திட்டச் செலவில் 30 சதவீதம் வரை மத்திய அரசும், அதே அளவு மாநில அரசும் தரலாம். நடத்தும் செலவு முழுவதும் கட்டணத்திலேயே வர வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

படி 6: டெண்டர்

இதில் பார்க்க வேண்டியது குறைவு, ஆனால் தவறவிட்டால் திருத்த முடியாது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத் தன்மைச் சட்டம் 1998-லிருந்து இருக்கிறது. இரண்டு கோடிக்கு மேல் என்றால் பொதுவாகக் குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அவகாசம் சுருக்கப்பட்டதா, தகுதி நிபந்தனை ஒரே கம்பெனிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருக்கிறதா, ஒரே ஒரு விண்ணப்பம்தான் வந்ததா என்று மன்றத்தில் கேளுங்கள். தீர்மானம் வாசிக்கும் அன்றைக்கு ஒப்பந்த நகல் கவுன்சிலர் கையில் இருக்க வேண்டும். பொருள் எண்ணைச் சொல்லிக் கைதூக்கச் சொன்னால், "நகல் வந்த பிறகு அடுத்த கூட்டத்தில் வைக்கவும்" என்று பதிவு செய்யச் சொல்லுங்கள்.

படி 7: ஏற்கெனவே அங்கே பிழைப்பவர்கள்

மார்க்கெட்டை இடித்துக் கட்டும்போது பழைய கடைக்காரருக்கு வாய்மொழியாக "உங்களுக்குத்தான் முதல் கடை" என்பார்கள். அந்த வாக்கு ஒப்பந்தத்தில் வராவிட்டால், புதுக் கட்டடத்தை நடத்தும் கம்பெனிக்கு அது கட்டுப்பாடு ஆகாது. தற்காலிகக் கடை எங்கே, எத்தனை மாதம், திரும்பும்போது வாடகை எவ்வளவு என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள், அண்ணாச்சிகளே. தரைக்கடைக்காரர்களுக்கு 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும். இடம் மாற்றும் முடிவு அந்தக் குழு வழியாக வர வேண்டும்.

தூய்மைப் பணியாளர்கள் விஷயம் இதைவிடக் கனமானது. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகை வாசலில் அவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்ததற்குக் காரணம் இரண்டு மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்கு மாற்றியது. ஏற்கெனவே வாங்கின சம்பளம் குறையுமே என்பது அவர்கள் பயம். நெல்லையில் எந்த வேலையை மாற்றினாலும், இருக்கிற ஆட்களை அதே சம்பளத்தில் எடுப்பது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய ரசீதைக் காட்டினால்தான் அந்த மாத பில் பாஸ் ஆவது என்ற இரண்டு நிபந்தனையாவது இருக்க வேண்டும். கம்பெனி சம்பளம் போடாவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் என்ற முறையில் மாநகராட்சி போட்டாக வேண்டும்.

படி 8: கையெழுத்துக்குப் பிறகு

இங்கேதான் எல்லாரும் களைத்துப் போய்விடுகிறார்கள், இங்கேதான் வேலையே தொடங்குகிறது. மூன்று ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். இரு தரப்புக்கும் வேண்டியவராக இல்லாத சுயேச்சைப் பொறியாளர். வசூல் முழுவதும் முதலில் போய் விழுகிற எஸ்க்ரோ கணக்கு, அதிலிருந்து யாருக்கு முதலில் பிரியும் என்ற வரிசை. குறைபாட்டுக்கு இவ்வளவு அபராதம் என்ற அட்டவணை. அபராதம் மாதாந்திர பில்லில் தானாகக் கழிய வேண்டும். "நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்டு" என்று எழுதியிருந்தால் அது பிடிக்கப்படாது.

அப்புறம் ஒரு பலகை. கம்பெனி பெயர், ஒப்பந்தம் எந்தத் தேதி வரை, கட்டணம் எவ்வளவு, புகார் எண் என்ன என்று தமிழில், கண்ணில் படும் உயரத்தில். பல இடங்களில் பலகை இருக்கும், அதன் முன்னால் ஒரு பெஞ்சோ பேனரோ நிற்கும். சங்கத்திலிருந்து மாதம் ஒருவர் போய்ப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், வருஷக் கடைசியில் மன்றத்தில் காட்ட அதுவே போதும்.

ஒப்படைப்பு பற்றிய பத்தியையும் இப்போதே படியுங்கள். முடியும் வருஷத்தில் மோட்டார், குழாய், கூரை எந்த நிலையில் இருக்க வேண்டும், கடைசி இரண்டு வருஷத்தில் யார் பரிசோதிப்பார், பழுதுக்குப் பிடித்து வைத்த தொகை எவ்வளவு என்று இல்லாவிட்டால், ஓட்டை உடைசலைத்தான் திரும்ப வாங்குவோம்.

படி 9: ஒப்பந்தம் கையில் கிடைக்காவிட்டால்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன்படி மாநகராட்சியிடமும் கேட்கலாம், அரசும் மாநகராட்சியும் முழுக்க வைத்திருக்கிற ஸ்மார்ட் சிட்டி கம்பெனியிடமும் கேட்கலாம். மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள்: ஒப்பந்த நகல் இணைப்புகளோடு, மன்றத் தீர்மானம், கடந்த 12 மாத பில்லும் பிடித்த அபராதமும், சுயேச்சைப் பொறியாளரின் அறிக்கை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. ரசீதுகள்.

வணிக ரகசியம் என்று 8(1)(d) பிரிவைச் சொல்லி மறுப்பார்கள். அதே பிரிவில், பொதுநலன் பெரிதாக இருந்தால் கொடுக்கலாம் என்றும் இருக்கிறது. 10-ஆம் பிரிவின்படி ரகசியமான பகுதியை மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்க வேண்டும். இரண்டையும் மனுவிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அங்கேயும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் இருக்கும் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. ஒவ்வொரு கடிதத்தின் நகலையும் தபால் ரசீதையும் சங்கத்தின் ஃபைலில் போடுங்கள். நிர்வாகிகள் மாறுவார்கள், ஒப்பந்தம் அவர்களைவிட அதிக வருஷம் ஓடும்.